வழிக்காவலும் விடுதலையும்: உடையார்பாளையம், புதுக்கோட்டை, ஏடன்

1967 நவம்பர் 29ஆம் தேதி கடைசி பிரிட்டிஷ் படைவீரர்கள் ஏடனை விட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் தென் ஏமன் மக்கள் குடியரசு பிறந்தது. பிரிட்டனோடு தலைமுறை தலைமுறையாக ஒப்பந்தம் வைத்திருந்த சுல்தான்கள், அமீர்கள், ஷேக்குகளில் பெரும்பாலோர் அதற்குள் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள், அல்லது புரட்சிக்காரர்களின் காவலில் இருந்தார்கள். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1948 மார்ச் 3ஆம் தேதி, தொண்டைமானின் புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. அதே மாவட்டத்தின் வடகிழக்கில், இன்று அரியலூர் மாவட்டமாக இருக்கும் நிலத்தில், அரியலூர், உடையார்பாளையம் என்ற இரண்டு பழைய பாளையங்கள் ஜமீன்களாக எஞ்சியிருந்தன. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவை கொண்டுவந்த ஒரு சட்டம் அவற்றின் கணக்கை முடித்துவைத்தது. மூன்று இடத்திலும் ஒரே பேரரசு தனக்குக் கீழே இருத்திய தலைவர்கள்தாம் இருந்தார்கள். முடிவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டது? இங்கே பட்டேல் இருந்தார், அங்கே எகிப்தின் நாசர் இருந்தார் என்பது வழக்கமான விடை. அது பாதி விடை. மீதிப் பாதி பெரம்பலூர், அரியலூர் மண்ணின் பழைய வரலாற்றில் கிடக்கிறது. தனக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களின் கையில் பேரரசு ஆயுதத்தையும் வழிக்காவல் உரிமையையும் விட்டுவைத்ததா, பறித்ததா என்பதே, அது மூட்டை கட்டும் நாளில் நடக்கப்போவதைப் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்தது என்பது என் வாதம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் படை எதுவும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் வலிகண்டபுரத்தையும் கடந்துதான் போகவேண்டும். இன்றைய சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குச் சற்று வடக்கே அந்தக் கோட்டை சாலையிலிருந்தே தெரியும். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாப்பைத் தூக்கிப்பிடித்து இங்கேதான் மோதினார்கள். இந்த வழிக்குக் கிழக்கே, காடும் முட்புதரும் அடர்ந்த மேட்டு நிலத்தில், அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் இருந்தார்கள். பாளையக்காரர் என்பவரின் வலிமை வரிவசூலில் மட்டும் இருக்கவில்லை. அவர் காவல்காரர். ஊரில் மாடு திருட்டுப்போனால் கண்டுபிடித்துக் கொடுப்பதும், கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஈடு கட்டுவதும் அவர் பொறுப்பு. பாதையில் போகும் வணிகச் சரக்குக்குக் காவல் கொடுத்து அதற்கான பணத்தையும் அவர் வாங்கிக்கொண்டார். குடிகள் அதைப் பாதுகாப்பு என்றும் சொன்னார்கள், பிடுங்கல் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். நாட்டை ஆள்கிறேன் என்று சொல்லிக்கொள்பவருக்கோ, தன் எல்லைக்குள் இன்னொருவர் ஆயுதம் தாங்கி, வழியில் நின்று பணம் வாங்குவது பொறுக்க முடியாத ஒன்று.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி பொறுக்கவில்லை. கப்பம் பாக்கி, மதுரையில் யூசுப் கான் நடத்திய கிளர்ச்சியை அடக்க உதவிக்கு வரவில்லை என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்து, 1764 நவம்பரில், யூசுப் கான் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அடுத்த மாதமே, சென்னைக் கவுன்சிலிடம் படை கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. நவாப்பின் மகன் உம்தத்-உல்-உமராவும் டொனால்ட் காம்பெல் என்ற அதிகாரியும் நடத்திச் சென்ற படை 1765 ஜனவரி 3ஆம் தேதி அரியலூரைப் பிடித்தது. அங்கிருந்த இளம் பாளையக்காரர் உடையார்பாளையத்துக்கு ஓடினார். 19ஆம் தேதி படை உடையார்பாளையத்தின்மீது நகர்ந்தது. அதுவும் விழ, இரண்டு பாளையக்காரர்களும் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் போய்ப் புகலிடம் தேடினார்கள். இந்த வெற்றியால் நவாப்புக்குக் கிடைத்தது இரண்டு ஊர்கள் மட்டுமல்ல. ஆர்க்காடு முதல் திருச்சி வரை இடையில் எவர் தடையும் இல்லாத ஒரே நிலப்பரப்பு. தோற்ற தலைவன் இன்னொரு ஐரோப்பிய அரசின் கொடிக்குக் கீழே ஒதுங்குவது அன்று தென்னிந்தியாவில் புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏடன் பக்கத்துச் சுல்தான்கள் கெய்ரோவில் ஒதுங்கியதும் இதே வகை அரசியல்தான்.

அடுத்த கட்டம் கம்பெனியின் கையில் நடந்தது. 1801 ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தத்தால் நவாப்பின் கர்நாடக நாட்டின் முழு நிர்வாகமும் கம்பெனிக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. காவல் உரிமை அரசுக்குப் போனது. மிஞ்சிய பாளையக்காரர்களுக்கு நிரந்தர சனது கொடுத்து, இவ்வளவு பேஷ்குஷ் கட்டவேண்டும் என்று தொகையை நிர்ணயித்து, ஜமீன்தார்களாக்கினார்கள். அரியலூரும் உடையார்பாளையமும் பழைய பரப்பில் சிறு பங்கை வைத்துக்கொண்டு இந்த வழியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் நுழைந்தன. சனதுக்காரருக்குப் பட்டம் உண்டு, பல்லக்கு உண்டு, வித்துவான்களுக்குச் சம்மானம் கொடுக்கும் சபை உண்டு. உடையார்பாளையத்தில் கனம் கிருஷ்ணையர் பாடினார், உ.வே. சாமிநாதையரின் தகப்பனார் அரியலூர், உடையார்பாளையம் பக்கத்துப் பிரபுக்களை அண்டிக் காலம் தள்ளினார். ஆனால் தவணை தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும். குடிகளோடு தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகவேண்டும். 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் வந்த பிறகு, குத்தகையை உயர்த்துவதற்கும் ரயத்தை வெளியேற்றுவதற்கும்கூட ஜமீன்தார் அரசு அதிகாரியின் முன் கைகட்டி நிற்கவேண்டியதாயிற்று. படை வைத்திருந்தவரின் பேரன் வக்கீல் வைத்துக்கொண்டார்.

இதே பேரரசு ஏடனில் வேறு முகம் காட்டியது. தொடக்கத்தில் ஒரு வினோதமான சென்னைத் தொடர்பும் உண்டு. ஆர்க்காட்டு நவாப் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்குச் சொந்தமான சென்னைக் கப்பல் ஒன்று 1837இல் ஏடன் அருகே தரைதட்டிக் கொள்ளைபோயிற்று. அந்தக் கொள்ளைக்கு ஈடு கேட்பதாகத் தொடங்கிய பேச்சுதான், 1839 ஜனவரி 19ஆம் தேதி கேப்டன் ஹெயின்ஸ் ஏடனைப் பிடிப்பதில் முடிந்தது. பிடித்தது பம்பாயின் படை. 1932 வரை ஏடனை ஆண்டதும் பம்பாய் மாகாணமே. பிறகு ஐந்தாண்டுகள் டெல்லியின் நேரடி ஆட்சி. 1937 ஏப்ரல் 1இல்தான் லண்டன் அதைத் தனிக் குடியேற்றமாக எடுத்துக்கொண்டது. அதுவரை அங்கே செல்லுபடியானது இந்திய ரூபாய். கோர்ட்டுகளில் நடந்தது இந்தியச் சட்டம். நிர்வாகத்தை நடத்தியவர்கள் இந்தியப் பயிற்சி பெற்ற அதிகாரிகள். ஆகவே ஏடனை முன்மாதிரி தெரியாதவர்கள் ஆண்டார்கள் என்று சொல்ல வழியில்லை. பாளையக்காரரை ஜமீன்தாராக்கும் வித்தை அந்த அதிகாரவர்க்கத்துக்கு அத்துபடி. செய்யாமல் விட்டார்கள், அதற்குக் காரணம் பணம்.

காவிரிப் பாசனமும் புன்செய்த் தீர்வையும் உள்ள திருச்சி மாவட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் கணக்கெழுதுவது கம்பெனிக்கு லாபம். ஏடனுக்குப் பின்னால் இருந்த மலைநாட்டில் கணக்கெழுதினால் எழுதுகிறவர் சம்பளத்துக்கே வருமானம் கட்டாது. பிரிட்டனுக்கு வேண்டியது கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்பும் துறைமுகம். அந்தத் துறைமுகத்துக்கு அண்டை நாடான லஹேஜ் வழியாகத் தண்ணீரும் காய்கறியும் தீவனமும் வரவேண்டும். ஒட்டகப் பாதைகள் அடைபடக்கூடாது. இதற்கு மலிவான வழி, பாதையில் இருக்கும் தலைவருக்கு மாதப்படி கொடுப்பது. 1880களிலிருந்து பாதுகாப்பு ஒப்பந்தங்கள் வரிசையாக வந்தன. உன்னைப் பிறர் தாக்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் சம்மதமில்லாமல் வேறு அரசுக்கு ஓர் அடி நிலமும் கொடுக்காதே என்பது அவற்றின் சாரம். மாதப்படியோடு துப்பாக்கியும் தோட்டாவும் அன்பளிப்பாகப் போயின. 1928இல் ஏடனின் பாதுகாப்பு விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது. அடங்காத குலத்தாருக்கு முதலில் துண்டறிக்கை, பிறகு குண்டு. அந்த ஏற்பாட்டில் காவல் நிலையம், முன்சீப், தாசில்தார், நில அளவை எதுவும் ஊருக்குள் போகவேண்டிய தேவையே இல்லை. மேலே விமானம், கீழே ரைஃபிள், நடுவில் ஒரு காகிதம் என்பதுதான் ஏற்பாட்டின் முழு உருவம். 1765இல் நவாப்பும் 1801இல் கிளைவும் எதை ஒழித்தார்களோ, அதையே ஏடனில் அவர்களின் வாரிசுகள் சம்பளம் கொடுத்து வளர்த்தார்கள்.

ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வாதத்துக்கு உரைகல். கிழக்கே ஹத்ரமௌத்தில் ஆண்ட குஐத்தி சுல்தான்களின் செல்வம் ஹைதராபாத்தில் சேர்ந்தது. நிஜாமின் அரபுப் படையில் ஜமேதார்களாக இருந்தவர்கள் அந்தக் குடும்பத்தார். 1937இல் அவர்களோடு பிரிட்டன் செய்துகொண்ட ஆலோசனை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹாரால்ட் இங்ராம்ஸ் குலங்களுக்கிடையே சமாதானம் ஏற்படுத்தினார். முகல்லாவில் ஓரளவு வழக்கமான நிர்வாகம் உருவானது. மேற்கே ஏடனைச் சுற்றியிருந்த சிற்றரசுகளுக்கு அந்த வாய்ப்பு கடைசிவரை அரைகுறையாகவே கிடைத்தது. இந்த வேறுபாடு 1967இல் என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 1947. பிரிட்டன் தன் ஒப்பந்தக்காரர்களை நட்டாற்றில் விட்டது ஏடனில்தான் முதல்முறை என்பது போலச் சில பிரிட்டிஷ் நினைவுக் குறிப்புகள் வருந்தும். அது சரியல்ல. 1946 மே மாதம் அமைச்சரவைத் தூதுக்குழு வெளியிட்ட குறிப்பு, அதிகாரம் கைமாறும்போது சமஸ்தானங்களின் மீதான மேலாதிக்கம் காலாவதியாகும், இந்திய அரசுக்கு அது கைமாற்றித் தரப்படாது என்று அறிவித்தது. 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதைச் சட்டமாக்கியது. நூறாண்டு உடன்படிக்கைகள் ஒரே வரியில் போயின. சட்டப்படி பார்த்தால் 1967இல் சுல்தான்களுக்கு நேர்ந்ததும் 1947இல் மகாராஜாக்களுக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஆனால் புதுக்கோட்டையில் அது நெருக்கடியாகவே உருவெடுக்கவில்லை. நான்கு பக்கமும் சென்னை மாகாணத்து மாவட்டங்கள் சூழ்ந்த நாடு. 1928இல் ஆறு வயதுச் சிறுவனாக ராஜகோபாலத் தொண்டைமானைப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததே பிரிட்டிஷ் அரசு. 1934 முதல் அங்கே நிர்வாகம் பார்த்தவர் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் டாட்டன்ஹாம். பட்டத்தில் அரசர், பழக்கத்தில் அது இன்னொரு ஜில்லா. பொறுப்பாட்சி கேட்டு உள்ளூரில் கிளர்ச்சி நடந்தது உண்மை, அரண்மனைக்குத் தயக்கம் இருந்ததும் உண்மை. ஆனால் ஒரு நாள் பேச்சுவார்த்தை முறிந்திருந்தாலும் மறுநாள் எவரும் மலைமேல் ஏறித் துப்பாக்கி பிடித்திருக்க மாட்டார்கள். கோப்புகள் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு மாறின.

அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் ராஜதந்திரம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 1801க்குப் பின் அவை அயல்நாட்டுப் பொருளாக இருந்ததே இல்லை, வருவாய்த் துறைப் பொருள்தான். 1937இல் ராஜாஜி அமைச்சரவை, பிரகாசம் தலைமையில் எஸ்டேட் நிலக் குழுவை அமைத்தபோதே திசை தெரிந்துவிட்டது. 1947இல் குத்தகைக் குறைப்புச் சட்டம், 1948இல் எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம். இரண்டாவதன் 3ஆம் பிரிவை ஊன்றிப் படித்தால் ஓர் ஆட்சி மாற்றம் எவ்வளவு சிறிய எழுத்தில் நடக்கமுடியும் என்பது விளங்கும். அறிவிக்கை செய்யப்பட்ட நாளிலிருந்து அந்த எஸ்டேட் முழுவதும், பொது நிலங்கள், தரிசு, காடு, சுரங்கமும் கனிமமும், கல்குவாரி, ஆறு, ஏரி, மீன்பிடி உரிமை, படகுத்துறை எல்லாம் அரசைச் சேரும். ஜமீன்தாரின் உரிமை அன்றோடு அற்றுப்போகும். அதன் பிறகு செட்டில்மெண்ட் தாசில்தார் வருவார், செயின் பிடித்து நிலம் அளப்பார்கள், 11ஆம் பிரிவின்கீழ் ரயத்துக்குப் பட்டா, அடுத்த பிரிவுகளின்கீழ் ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டா. நட்டஈட்டுக்கு ஏறுவரிசை மாதிரி ஓர் இறங்குவரிசை: வருமானம் குறைந்த எஸ்டேட்டுக்குக் கூடுதல் மடங்கு, பெரிய எஸ்டேட்டுக்குக் குறைந்த மடங்கு. ஜமீன்தார்கள் சும்மா இருக்கவில்லை. இந்தியா முழுக்கக் கோர்ட் படியேறினார்கள். அவர்கள் கொடுத்த தொல்லையால்தான் 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தமே வந்தது. ஆனால் எதிர்ப்பின் ஆயுதம் ரிட் மனு. அதைத்தான் கவனிக்கவேண்டும்.

இப்போது ஏடன். 1959 பிப்ரவரி 11இல் ஆறு சிற்றரசுகளைச் சேர்த்து பிரிட்டன் ஒரு கூட்டாட்சியை அமைத்தது. பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த ஒப்பந்தம் அதோடு கையெழுத்தானது. 1962இல் அது தென் அரேபியக் கூட்டாட்சி என்று பெயர் மாறியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வலுவான தொழிற்சங்கம், வடக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் என்று முற்றிலும் வேறு உலகமாக இருந்த ஏடன் நகரத்தை, தலைவர்களின் அந்தக் கூட்டாட்சிக்குள் தள்ளும் தீர்மானம் 1962 செப்டம்பரில் நகரச் சட்டசபையில் நிறைவேறிய அதே வாரம் வட ஏமனில் இமாமின் ஆட்சி கவிழ்ந்தது. எகிப்தியப் படை அங்கே வந்திறங்கியது. 1963 ஜனவரி 18இல் ஏடன் கூட்டாட்சிக்குள் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 14இல், ஏடனிலிருந்து தாலாவுக்குப் போகும் சாலைக்கு மேலேயுள்ள ரத்ஃபான் மலையில் துப்பாக்கி வெடித்தது. கலகத்தின் கொள்கை அரபு தேசியம். ஆனால் அந்த மலையின் குதைபி குலத்தாருக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு குறை இருந்தது. அந்தச் சாலையில் போகும் வண்டிகளிடமும் ஒட்டகங்களிடமும் அவர்கள் பரம்பரையாகச் சுங்கம் வாங்கிவந்தார்கள். கூட்டாட்சி, சுங்கமெல்லாம் இனி மையத்துக்கே என்று சொல்லி அதை நிறுத்தியது. பிழைப்பு போயிற்று, துப்பாக்கி மட்டும் கையில் இருந்தது.

அரியலூர்க்காரருக்கு இந்தக் கதை எங்கோ கேட்டது போல இருக்கும். பாளையக்காரரின் காவல் பணமும் குதைபியின் சாலைச் சுங்கமும் ஒரே வகை உரிமை; இரண்டையும் நிறுத்தியது வழியைத் தனதாக்கிக்கொள்ள விரும்பிய மைய அரசு. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. திருச்சிச் சீமையில் வழிக்காவலைப் பறித்தவர்கள் பறித்த பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் இருந்து ஆண்டார்கள். ஏடனில் பறித்தவர்கள் பறித்துவிட்டு நான்கு ஆண்டுகளில் போய்விட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகள் சம்பளம் கொடுத்துக் காத்த ஏற்பாட்டைக் கடைசி ஐந்தாண்டில் நவீன அரசாக மாற்ற முயன்றதுதான் பிரிட்டனின் தென் அரேபியக் கொள்கை. கூட்டாட்சிப் படையே குல வேறுபாடுகளைத் தன்னுள் சுமந்தது. அவ்லகி குலத்தாருக்கு அதில் கூடுதல் இடம் என்ற புழுக்கம் நெடுநாளாக இருந்தது. 1967 ஜூனில் அந்தக் குலத்தவர் ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவந்ததை எதிர்த்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, 20ஆம் தேதி படையிலும் போலீசிலும் கலகம் மூண்டு, ஏடன் நகரின் கிரேட்டர் என்ற பகுதி இரண்டு வாரம் பிரிட்டனின் கைவிட்டுப் போயிற்று.

இதற்கு முதல் மறுப்பு தெளிவானது. நாசரின் வானொலியும் பணமும் ஆயுதமும் இல்லையென்றால் சுல்தான்கள் கவிழ்ந்திருப்பார்களா? பனிப்போர்க் காலத்து அரேபியாவை 1948இன் திருச்சி ஜில்லாவோடு ஒப்பிடுவது நியாயமா? மறுப்பில் வலு உண்டு. வெளியிலிருந்து வந்த நெருப்பு இல்லாமல் இவ்வளவு வேகம் வந்திருக்காது. ஆனால் நாசர் வளர்த்த அணி ஏடனில் வெல்லவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. எகிப்தின் ஆதரவு பெற்ற விடுதலை முன்னணியை உள்ளூரில் வேர்விட்ட தேசிய விடுதலை முன்னணி தெருச் சண்டையில் தோற்கடித்தது. 1967 ஜூன் போரில் எகிப்து நொறுங்கிய பிறகுதான், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், சிற்றரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வெளிநாட்டுக் கை தளர்ந்த நேரத்தில் உள்நாட்டு வீழ்ச்சி விரைந்தது என்றால், காரணத்தை உள்ளேயும் தேடவேண்டும். குஐத்தி நாட்டில் என்ன நடந்தது என்பதும் இதற்குச் சான்று. செப்டம்பர் 17ஆம் தேதி இளம் சுல்தான் கப்பலில் முகல்லாவுக்குத் திரும்பியபோது கரையிறங்க விடவில்லை, அவ்வளவுதான். ஓரளவு நிர்வாகம் வேர்பிடித்த இடத்தில் அரசர் போனார், அலுவலகம் கைமாறியது. ரத்ஃபானும் கிரேட்டரும் பட்ட பாட்டை முகல்லா படவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. ஆயுதம் பறிக்கப்பட்டதால் அமைதி வந்தது என்றால் ஹைதராபாத்துக்கு என்ன சொல்வது? அங்கே நிர்வாகம் இருந்தது, ரயில் இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது. ஆனாலும் 1948 ஆகஸ்டில் விவகாரம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போய், செப்டம்பர் 13 முதல் ஐந்து நாள் படையெடுப்பில் முடிந்தது. நான் சொல்வேன்: ஹைதராபாத்தில் நிஜாமிடம் படை இருந்தது, ரஜாக்கர்களிடம் துப்பாக்கி இருந்தது, தெலங்கானாவின் கிராமங்களில் ஜாகீர்தார்களையும் தேஷ்முக்குகளையும் எதிர்த்து ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் தலைவர்களின் கையில் நின்ற இடத்தில் இந்தியாவிலும் ராஜதந்திரம் தோற்றுப் படை பேசியது. அந்தப் படையெடுப்புக்குப் பிறகு ஹைதராபாத்திலிருந்த ஹத்ரமௌத் அரபுகள் பலர் பிடித்துவைக்கப்பட்டு, சிலர் கப்பலேற்றி ஏடனுக்கே அனுப்பப்பட்டார்கள். இரண்டு பேரரசுக் கணக்குகளும் ஒரே துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தன. இருந்தாலும் மறுப்பின் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பறிமுதல் மட்டும் போதாது. வாரிசு யார் என்பதிலும் தகராறு இருக்கக்கூடாது. சென்னை மாகாணத்தில் 1946 தேர்தலில் வென்ற ஒரு கட்சி, சட்டசபையோடும் செயலகத்தோடும் ஆட்சியை ஏற்கத் தயாராக நின்றது. ஏடனில் 1965 செப்டம்பரில் முதலமைச்சர் மக்காவியின் அரசை நீக்கி, அரசியலமைப்பையே நிறுத்திவைத்தது பிரிட்டன். கையளிக்க ஆளில்லாமல் செய்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடினார்கள்.

அந்தத் தேடல்தான் 1966, 67ஆம் ஆண்டுகளின் ராஜதந்திரம். 1966 பிப்ரவரியில் லண்டனின் பாதுகாப்பு வெள்ளையறிக்கை, தளத்தை மூடுவோம், விடுதலைக்குப் பிறகு பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது என்று அறிவித்தது. 1959இல் கொடுத்த வாக்கை நம்பித் தங்கள் மக்களிடையே கெட்ட பெயர் வாங்கிக்கொண்ட தலைவர்களுக்கு அதைச் சொல்ல லார்ட் பெஸ்விக் ஏடனுக்கு வந்தார். அன்றிலிருந்து அவர்களோடு நிற்பதில் எவருக்கும் லாபமில்லை. 1967 ஏப்ரலில் வெனிசுவேலா, ஆப்கானிஸ்தான், மாலி நாட்டவர் மூவர் கொண்ட ஐ.நா. குழு வந்தது, கூட்டாட்சி அரசை அங்கீகரிக்க மறுத்தது, அந்த அரசோ குழுவின் தொலைக்காட்சிப் பேச்சை ஒளிபரப்ப மறுத்தது, சில நாளில் குழு கோபத்தோடு திரும்பியது. குடியேற்ற ஒழிப்புக்கான ஐ.நா. சிறப்புக் குழுவின் முதல் தலைவர் இந்தியாவின் சி.எஸ். ஜா என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஹைதராபாத்தை உள்நாட்டு விவகாரம் என்று வாதிட்ட நாடு, ஏடன் உலக விவகாரம் என்று சொல்வதில் சங்கடம் எதையும் காணவில்லை. அது முரண்பாடுதான், ஆனால் ஒன்றில் மக்கள் ஏற்ற வாரிசு இருந்தது, மற்றதில் இல்லை என்பது அந்த முரண்பாட்டுக்கு ஓரளவு விளக்கம். கடைசி ஹைகமிஷனர் ஹம்ப்ரி டிரெவெல்யான் 1929இல் இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்து, பிறகு இந்திய அரசியல் பணியில் சமஸ்தானங்களோடு வேலை பார்த்தவர். மேலாதிக்கம் காலாவதியான வரலாறு அவர் அனுபவித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் கூட்டாட்சி செத்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, தேசியவாதிகளோடு பேசத் தயார் என்று அறிவித்தார். ஜெனீவாவில் லார்ட் ஷாக்கிள்டனும் கஹ்தான் அல்-ஷாபியும் பேசி முடித்தது நவம்பர் 29இல், அதாவது படை கப்பலேறிய அதே நாளில்.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. இந்த வாதம் கிளைவின் பிரகடனத்துக்குப் பாராட்டுப் பத்திரம் ஆகிவிடாதா? ஆயுதத்தைப் பறித்தது நல்லது என்றால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் நல்லதா? இல்லை. பறிமுதலின் விளைவை அளப்பது வேறு, அதன் நோக்கத்தை மெச்சுவது வேறு. நவாப்பின் கடன்களும் கம்பெனியின் லாபமுமே 1765க்கும் 1801க்கும் காரணம். நிலத்தில் உழைத்தவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. காவல் பணம் நின்றதால் குடிகளின் சுமை இறங்கியதாகவும் சொல்லமுடியாது; அது நிலத்தீர்வையாகவும் குத்தகையாகவும் உருமாறியது. ஏடனின் தலைவர்கள் விழுந்தபோது அவர்களின் நிலங்களைப் புதிய அரசு 1968இலேயே நட்டஈடின்றி எடுத்துக்கொண்டது. இங்கே ஜமீன்தாருக்கு நட்டஈடு, தொண்டைமானுக்கு 1971 வரை மன்னர் மானியம். உழுதவருக்கு எது நியாயம் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வராது. ஜமீன் ஒழிப்பில் பட்டா பெற்றவர் பெரும்பாலும் ஏற்கெனவே ரயத் என்று கணக்கில் பெயர் உள்ளவர். அவருக்குக் கீழே வாரத்துக்கு உழுதவருக்கும் பண்ணையாளுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அரியலூர் மண்ணுக்கு இன்னொரு விளைவும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. 3ஆம் பிரிவின் பட்டியலில் ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே சுரங்கமும் கனிமமும் இருப்பதைச் சொன்னேன். 1949இல் அந்தச் சொல்லைப் படித்த ஜமீன்தார் எவரும் அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார். கடல் புதைபடிவங்கள் நிறைந்த அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்தான் பின்னாளில் மாவட்டத்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. 1979இல் அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் தொடங்கியது, தனியார் ஆலைகளும் வந்தன. பழைய எஸ்டேட் எல்லைக்குள் இருந்த அளவுக்கு, அந்தக் கல்லின் மேல் குத்தகை கொடுக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதற்கு வேர் இந்த ஒழிப்புச் சட்டத்தில் இருக்கிறது. இன்று சுரங்க லாரிகள் போகும் சாலைகளில் யார் காவல், யாருக்கு வரும்படி, தூசிக்கும் தாழ்ந்துபோன கிணற்றுக்கும் யார் ஈடு கட்டுவது என்ற கேள்விகளை ஊர் மக்கள் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுவாகக் கொடுக்கிறார்கள்.